கரைவலையும் காலை வெயிலும்

கல்முனைக் கரை கிழக்கு நோக்கியது. ஆதலால் காலை வெயிலிற் கரைவலை இழுப்போரைக் கடல் பின்புலமாகப் படம்பிடித்தால் ஞாயிறு அவர்தம் பின்னே நிற்கும், முகங்கள் கருகும். ஒளிமானி வானின் ஒளியையே பெரிதும் அளப்பது காரணம். முகம் தெளிய இரண்டு படி ஒளி கூட்டல் வேண்டும். 1/125 வினாடிக்குத் துவாரம் 16 எனில் அதனை 8 ஆக்கலாம். அன்றேல் வேகத்தை 1/30 ஆகக் குறைக்கலாம். ஒளிக்கணக்கில் இரண்டும் ஒன்றே. ஆனால் வலையிழுக்கும் கை ஓயாது அசைவது. 1/30இற் புகைபோற் கலங்கும். யான் துவாரத்தையே விரிப்பேன். தொலைவிலுள்ள தோணி சற்று மங்கும். மங்கட்டுமே, நமக்கு வேண்டியது முகமன்றோ!

துவார எண், குவியத் தூரத்தைத் துவார விட்டத்தால் வகுத்து வருவது. எனவே எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். இதனை மறந்து 8க்குப் பதில் 22இல் வைத்து ஒரு சுருளைப் பாழாக்கினேன். என் பாட்டனார் கடைசியாக வலையிழுத்த காலை அதிலிருந்தது.