முகத் தளர்ச்சிக்கு ஊசியா, அறுவை சிகிச்சையா?

● கண்ணாடி முன் நின்று, காதோரத் தோலை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். அப்போதுதான் தாடையோரத் தொங்கல் மறைகிறதா? அது தோல் தளர்ச்சி; தோலடியில் ஜெல் நிரப்பும் ஃபில்லர் ஊசி மட்டும் போதாது.

● கன்னம் ஒட்டிப்போயிருந்தால் ஃபில்லர் உதவும். ஹயலுரானிக் அமில ஃபில்லர் பெரும்பாலும் 6 முதல் 18 மாதம் நிற்கும். பிடிக்காவிட்டால் ஹயலுரானிடேஸ் ஊசியால் கரைத்துவிடலாம்.

● தளர்ந்த தோலை இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவை சிகிச்சையின் பலன் பல ஆண்டுகள் நீடிக்கும். வீக்கம் வடிய 2 வாரமாவது ஓய்வு தேவை.

● பியூட்டி பார்லரில் ஊசி வேண்டவே வேண்டாம். தோல் மருத்துவர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜனிடம் மட்டுமே செல்லுங்கள். மருந்தின் பெயரையும் காலாவதி தேதியையும் கேட்டுப் பாருங்கள்.

● ஊசிக்குப்பின் தோல் வெளுத்தாலோ, கடுமையாக வலித்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.