சிறுதொகையில் வெள்ளி டாலர் சேகரிப்பு

பழைய நாணயங்களைச் சேகரித்தல் செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்னும் எண்ணம் பலரிடம் நிலவுகிறது. மற்றொரு சாரார், நாணயம் பழையதாயின் அது பெருவிலை பெறும் என்று நம்பிக் கைப்பொருளைக் கொடுத்து ஏமாறுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் தவறானவை. முறை அறிந்தவர் மாதந்தோறும் சிறுதொகை ஒதுக்கியே நல்லதொரு தொகுப்பை அமைக்கலாம். முறை அறியாதவர் பெரும்பொருள் செலவிட்டும் பயனின்றி நிற்க நேரும். இதனை விளக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பழைய வெள்ளி டாலரை இம்மாதப் பாடத்திற்கு எடுத்துக்கொள்வோம். அது கோடிக்கணக்கில் அச்சிடப்பட்ட நாணயம். அதன் வரலாறு நன்கு ஆராயப்பட்டுள்ளது. அவ்வரலாற்றில் நம் நாட்டு ரூபாய்க்கும் ஒரு பங்கு உண்டு.

இருவகை டாலர்கள்

சிறுதொகைச் சேகரிப்பாளர் கவனிக்கத்தக்கவை இரண்டு வகைகள். முதலாவது, செதுக்குக் கலைஞர் ஜார்ஜ் மார்கன் என்பாரின் பெயரால் வழங்கும் மார்கன் டாலர். அமெரிக்க மேற்குப் பகுதிச் சுரங்கங்களில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்த காலத்தில், மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் வரை மதிப்புள்ள வெள்ளியை அரசாங்கக் கஜானா வாங்கி நாணயமாக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு தொடங்கி 1904 வரையிலும், பின்னர் 1921-இலும் இந்த டாலர் அச்சிடப்பட்டது. இரண்டாவது, முதல் உலகப் போரின் முடிவை நினைவூட்ட எழுந்த சமாதான டாலர். ஆன்டனி டி பிரான்சிஸ்கி அமைத்த இவ்வடிவம் 1921 முதல் 1928 வரையிலும், 1934, 1935 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தது.

இரண்டிற்கும் அளவு ஒன்றே. எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர், நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி, 10 பங்கு செம்பு. ஆகவே ஒரு டாலரில் 24.06 கிராம் தூய வெள்ளி உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கால வெள்ளி ரூபாயில் இருந்த தூய வெள்ளி 10.69 கிராம். எனவே ஒரு டாலரின் வெள்ளி, இரண்டேகால் ரூபாயின் வெள்ளிக்குச் சமமாகும்.

1971-இல் வெளிவந்த பெரிய டாலர் நாணயம் இவற்றைப் போன்ற அளவுடையதாயினும், புழக்கத்திற்கு விடப்பட்டவற்றில் வெள்ளி இல்லை. 2021-இலும் அதன் பின்னரும் சேகரிப்பாளர்களுக்கென மார்கன், சமாதான உருவங்களிலேயே புதிய நாணயங்கள் அச்சிடப்பட்டுள்ளன. அவை பழையவை அல்ல. ஆண்டைப் படித்த பின்னரே விலையைக் கேட்க வேண்டும்.

அச்சிட்ட தொகை வேறு, எஞ்சிய தொகை வேறு

சங்கக் கணக்கில் வரவு மட்டும் பார்த்து இருப்பை முடிவு செய்ய இயலாது. செலவையும் பார்த்தாக வேண்டும். நாணயத்திற்கும் இது பொருந்தும். எத்தனை அச்சிடப்பட்டன என்பது வரவு. எத்தனை உருக்கப்பட்டன என்பது செலவு. சேகரிப்பாளர்க்கு வேண்டுவது இருப்பு.

முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில் இந்திய மக்கள் காகித நோட்டுகளை நம்பாது, வெள்ளி ரூபாயைக் கேட்டு நின்றனர். அரசாங்கத்தின் வெள்ளி இருப்பு அபாயகரமாகக் குறைந்தது. பிரிட்டன் அமெரிக்காவின் உதவியை நாடிற்று. அதன் விளைவாக 1918 ஏப்ரலில் நிறைவேறிய பிட்மன் சட்டத்தின்படி 27,02,32,722 வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவ்வெள்ளியின் மிகப் பெரும் பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்தியாவின் ரூபாய்த் தேவைக்கு வந்து சேர்ந்தது. நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் அக்கால ரூபாய்கள் சிலவற்றில் அமெரிக்க டாலரின் வெள்ளி கலந்திருக்கலாம். உருக்கிய டாலர்களை ஈடு செய்யும் பொருட்டே 1921 முதல் மீண்டும் டாலர்கள் அச்சிடப்பட்டன. அவ்வோராண்டில் பிலடெல்பியா நாணயச்சாலையிலிருந்து மட்டும் 4,46,90,000 மார்கன் டாலர்கள் வெளிவந்தன.

உருக்கியபோது எந்த ஆண்டினவை எத்தனை என்று எவரும் குறித்து வைக்கவில்லை. ஆகவே அச்சிட்ட தொகையைக் கொண்டு எஞ்சிய தொகையை அறிய வழியில்லாது போயிற்று. இதனால் நேர்ந்ததைக் காண்போம். 1903-இல் நியூ ஆர்லியன்ஸில் 44,50,000 டாலர்கள் அச்சிடப்பட்டன. எனினும் அவை கண்ணில் படுவதே அரிதாயிற்று. யாவும் உருக்கப்பட்டன என்றே பலரும் கருதினர். தேயாத நாணயம் ஒன்றின் விலை ஆயிரம் டாலருக்கும் மேல் உயர்ந்தது. 1962-இன் இறுதியில் கஜானாவின் காப்பறைகளிலிருந்து அதே நாணயம் மூட்டை மூட்டையாக வெளிவந்தது. விரைவிலேயே விலை சில பத்து டாலர் அளவுக்கு இறங்கிற்று. முன்பு பெருவிலை கொடுத்தவர் இழந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். நாணயம் மாறவில்லை, இருப்பு எவ்வளவு என்ற செய்தி மட்டுமே மாறியது.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1964 மார்ச்சில் கஜானா டாலர் நாணயங்களைக் கொடுப்பதை நிறுத்தியது. எஞ்சியிருந்த ஏறத்தாழ 30 லட்சம் நாணயங்களுள் பெரும்பாலானவை கார்சன் சிட்டியில் அச்சிடப்பட்டவை. அவற்றை 1972 முதல் 1980 வரை அரசாங்கமே பொதுமக்களுக்கு விற்றது. அச்சாலையின் 1882, 1883, 1884 ஆண்டு நாணயங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 முதல் 12 லட்சம் அளவிலேயே அச்சிடப்பட்டவை. எனினும் தேயாத நிலையில் பெருமளவு எஞ்சியிருப்பதால், கார்சன் சிட்டி நாணயம் ஒன்று வேண்டுவோர் இவ்வாண்டுகளையே நாடுதல் தகும். 

செலவுத் திட்டம்

முதலில் மாதம் ஒன்றுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று முடிவு செய்க. நூலுக்கும் விதைக்கும் கடன் தவணைக்கும் உரிய பணத்தில் ஒரு காசும் இதற்கு வருதல் கூடாது. தொகை சேர்ந்த பின்னரே நாணயம். நாணயத்திற்காகக் கடன் என்பது ஒருபோதும் ஆகாது.

இரண்டாவதாக, அடிவிலையைக் கணக்கிடக் கற்க. டாலரில் உள்ள 24.06 கிராமை அன்றைய வெள்ளி விலையால் பெருக்குக. ஒரு கிராம் 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், உலோக மதிப்பு 2,406 ரூபாய். விற்பவர் 3,000 ரூபாய் கேட்பின், 594 ரூபாய், அதாவது உலோக மதிப்பில் ஏறத்தாழக் கால் பங்கு, சேகரிப்பு மதிப்பின் பொருட்டுக் கேட்கப்படுகிறது. அம்மிகுதி தகுமா என்பதே வாங்குவோர் ஆராய வேண்டிய வினா. மலிந்த ஆண்டுகளில் இம்மிகுதி குறைவாக இருக்கும். அதனால் இழப்பும் குறைவாக இருக்கும்.

மூன்றாவதாக, தொகுப்பின் எல்லையை வகுத்துக்கொள்க. எல்லையற்ற தொகுப்பு, வரவு செலவுத் திட்டமற்ற சங்கம் போன்றது. சிறுதொகைக்கு ஏற்ற மூன்று படிகளைக் கூறுவோம்.

முதற்படி இரண்டே நாணயங்கள்: ஒரு மார்கன், ஒரு சமாதான டாலர். மார்கனில் 1921-ஆம் ஆண்டினது மிக மலிவு. சான் பிரான்சிஸ்கோவில் 1881-இல் அச்சிட்டது மலிவாயினும் அச்சு அழகாக விழுந்தது. சமாதான டாலரில் 1922, 1923 ஆகியவை எளிதிற் கிடைப்பன.

இரண்டாம் படி, நாணயச்சாலைக்கு ஒன்றாக ஐந்து மார்கன் டாலர்கள். பிலடெல்பியா நாணயத்தில் முத்திரை எழுத்து இல்லை. ஏனையவற்றில் பின்பக்கத்து மலர்வளையத்தின் அடியில் எழுத்து இருக்கும்: நியூ ஆர்லியன்ஸுக்கு ஓ, சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ், கார்சன் சிட்டிக்கு இரண்டு சி, 1921-இல் மட்டும் அச்சிட்ட டென்வருக்கு டி. 

மூன்றாம் படி, சமாதான டாலரின் பத்து ஆண்டுகள். ஆண்டும் சாலையும் சேர்த்துப் பார்த்தால் இவ்வகையில் 24 நாணயங்கள் உண்டு. ஆண்டுக்கு ஒன்று போதும் என்று வரையறுத்தால் பத்தே அமையும். 1928-இல் பிலடெல்பியாவில் 3,60,649 மட்டுமே அச்சிடப்பட்டன, விலை மிகுதி. அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் 16,32,000 அச்சிடப்பட்டன. சற்றுத் தேய்ந்த சான் பிரான்சிஸ்கோ நாணயம் அவ்விடத்தைக் குறைந்த செலவில் நிரப்பும். இரண்டு மாதத்திற்கு ஒன்றாக வாங்கினும், அரிய 1921-க்கும் 1928-க்கும் கூடுதலாகச் சேமித்தால் மூன்றாண்டிற்குள் தொகுப்பு நிறைவுறும்.

அரியவற்றை முதலில் வாங்குக என்று சிலர் அறிவுரை கூறுவர். சிறுதொகையினருக்கு அது பொருந்தாது. மலிந்த நாணயத்தில் கண் பழகட்டும். பழகாத கண்ணின் பிழை மலிந்த நாணயத்தில் சிறு இழப்போடு முடியும். சான் பிரான்சிஸ்கோவின் 1893-ஆம் ஆண்டு டாலர் ஒரு லட்சம் மட்டுமே அச்சிடப்பட்டது. அதனை மலிவாகத் தருவதாக எவரேனும் கூறின், கேட்டவர் மகிழ்தல் வேண்டா, ஐயுறுதல் வேண்டும்.

வாங்குமுன் நான்கு சோதனைகள்

1. எடையும் குறுக்களவும். இரண்டையும் ஒருங்கே அளந்து பார்க்க. தேய்ந்த நாணயத்தின் எடை சற்றுக் குறையலாம். ஆயின் பெரிதும் குறைந்தாலோ, மிகுந்தாலோ அது போலி எனக் கொள்க.

2. காந்தம். வெள்ளியைக் காந்தம் இழுக்காது. இழுத்தால் போலி என்பது உறுதி. இழுக்காமை மட்டும் உண்மைக்குச் சான்றாகாது. ஈயம், பித்தளை ஆகியவற்றையும் காந்தம் இழுப்பதில்லை.

3. முத்திரை எழுத்து. உண்மை நாணயத்திலேயே அரிய எழுத்தை ஒட்டி விற்பவரும் உளர். உருப்பெருக்கிக் கண்ணாடியால் எழுத்தின் விளிம்பை நோக்குக.

4. துலக்கிய தடம். வெள்ளி விளக்கைத் திருநீறிட்டுத் துலக்குவதுபோல் நாணயத்தைத் துலக்கினால் மேற்பரப்பில் நுண்கீறல்கள் விழும். சேகரிப்பு மதிப்பு அழியும். அத்தகையதை வாங்குதலும் ஆகாது. நம்மிடம் வந்ததைத் துலக்குதலும் ஆகாது. கருமை படிந்திருப்பது குற்றமன்று.

நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணிட்டுக் குறிப்பது அமெரிக்க வழக்கம். 60-க்கு மேற்பட்டவை புழக்கத்தில் தேயாதவை. 63-க்கும் 66-க்கும் உள்ள வேறுபாடு பழகாத கண்ணுக்கு எளிதில் புலப்படாது, விலையோ பன்மடங்காகலாம். ஆகவே மலிந்த ஆண்டுகளில் 62, 63 போதும். அரிய ஆண்டுகளில் தேய்ந்த நாணயமே போதும். நிலையைச் சோதித்து உறையிட்டுத் தரும் நிறுவனங்களுள் பி.சி.ஜி.எஸ். 1986-லும், என்.ஜி.சி. 1987-லும் தொடங்கப்பட்டவை. உறைகளிலும் போலி உண்டாதலால், உறையிலுள்ள எண்ணை அந்நிறுவனப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பும் பதிவேடும்

நாணயத்தை விளிம்பிற் பிடித்தே எடுக்க. பி.வி.சி. கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பசுமையான படிவை உண்டாக்கும். அவற்றைத் தவிர்த்து, நாணயத்திற்கென்றே செய்த கெட்டியான உறைகளில் ஈரமின்றி வைக்க. ஒவ்வொரு நாணயத்திற்கும் ஆண்டு, சாலை, நிலை, எடை, வாங்கிய நாள், கொடுத்த விலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுக. பதிவேடு இல்லாத தொகுப்பை, பின்னர் வீட்டார் பழைய வெள்ளி என்று எடைக்குப் போட்டுவிடுவர்.

இறுதியாக ஒன்றை வற்புறுத்துவோம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே எப்போதும் வேறுபாடு உண்டு. வெள்ளி விலையும் ஏறும், இறங்கும். ஆகவே இத்தொகுப்பு சேமிப்புக் கணக்கிற்கு மாற்று ஆகாது. அறிவும் மகிழ்ச்சியும் இதன் இலாபம். உலோக மதிப்பு இதன் அரண். இவ்வரம்பில் நிற்பவர் சிறுதொகையிலும் நிறைவு காண்பர்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு கிராம் வெள்ளி 90 ரூபாய் எனின், ஒரு மார்கன் டாலரின் உலோக மதிப்பு யாது?
2. அச்சிட்ட தொகை மிகுதியாயிருந்தும் ஒரு நாணயம் அரிதாவது எவ்வாறு?
3. 1928-ஆம் ஆண்டிற்கு எச்சாலை நாணயத்தைத் தேர்ந்தெடுப்பீர்? காரணம் கூறுக.
4. காந்தம் இழுக்காத நாணயம் உண்மையானது என்று கொள்ளலாமா?