கோதுமை ஒவ்வாத பிள்ளையும் அதன் பெற்றோரும்



ஞானோபதேச வகுப்பின் ஆண்டு விழாவன்று நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லி இவ்வாரப் பாடத்தைத் தொடங்குகிறேன். பிள்ளைகள் எல்லோருக்கும் என் கையாலேயே பிஸ்கட் வழங்கினேன். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சற்றுத் தயங்கினான். "வாங்கிக்கொள் தம்பி, சாமிதானே கொடுக்கிறேன்" என்று அவன் கையில் வைத்து அழுத்தினேன். அவனும் தின்றான். அன்றிரவு வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் அவன் வீட்டில் ஒருவரும் கண் மூடவில்லை. மறுநாள் தாய் வந்தார். என்னைக் குறைசொல்ல வரவில்லை. "சாமி, கோதுமை பட்டால் இவனுக்கு இப்படி ஆகிறது. புதுநன்மை வாங்க இவனுக்குக் கொடுத்துவைக்காதோ?" என்று கேட்கத்தான் வந்தார். அவருடைய சம்மதத்தின்பேரில், பெயரை விட்டுவிட்டு, இதை எழுதுகிறேன். பையனை ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "சாமி கொடுத்ததை வேண்டாமென்று எப்படிச் சொல்வது?" என்றானாம்.

இவ்வியாதிக்குச் சீலியாக் நோய் என்று பெயர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற ஒருவகைப் புரதம் உண்டு. மைதா மாவைப் பிசைந்து உருட்டி, தண்ணீரில் வைத்துக் கசக்கிக் கழுவிப் பாருங்கள். வெள்ளையெல்லாம் கரைந்து போனபின் ரப்பரைப்போல் இழுபடும் பிசின் ஒன்று கையில் மிஞ்சும். ஏறக்குறைய அதுதான் குளூட்டன். பரோட்டா மாவு வீசவீச விரிவதும், ரொட்டி உப்பி எழுவதும் இதனாலேயே. நமக்கெல்லாம் தீங்கு செய்யாத இப்பொருளை இந்நோயுள்ளவரின் உடல் பகைவனென்று எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் அடிபடுவது அவருடைய சொந்தச் சிறுகுடலே. குடலின் உட்புறத்தில் வெல்வெட்டுத் துணியின் மயிர்போல் நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து வழவழத்துப் போகின்றன. பிறகு எத்தனை முட்டையும் பாலும் கொடுத்தாலும் சத்து உடம்பில் ஒட்டாது. வயிறு மட்டும் உப்பும், கைகால் சூம்பும், இரத்தம் குன்றும், வளர்த்தி நின்றுவிடும்.

இந்தப் பையன் கதையும் அதுவே. இரண்டு வருஷம் பூச்சி மருந்து கொடுத்தார்கள். சீர் தட்டிவிட்டது என்றார்கள், கண்ணேறு என்றார்கள். டானிக் வாங்கிக் கொடுத்தார்கள். உடம்பு தேறட்டும் என்று தினமும் இரண்டு வேளை ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்தார்கள். அதில் கோதுமையும் பார்லியும் இருக்கின்றன. எதனால் பிள்ளை மெலிந்தானோ அதையே மருந்தென்று ஊட்டிய நினைவுதான் அத்தாயை இன்றுவரை வாட்டுகிறது. அதற்கு அவர் மேல் குற்றமில்லை. பெரிய பெரிய வைத்தியர்களே நெடுங்காலம் இதில் வழி தவறியிருக்கிறார்கள்.

1888-ல் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற டாக்டர் இந்நோயைத் தெளிவாக வர்ணித்து, குணம் உண்டானால் அது உணவினால்தான் என்றும் கண்டுகொண்டார். எந்த உணவு என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. 1924-ல் நியூயார்க்கில் ஹாஸ் என்பவர் இப்பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தைப் பிரதானமாகக் கொடுத்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள்; வாழைப்பழமே மருந்தென்று உலகம் கொண்டாடியது. நம் மலைவாழைக்குப் பெருமை என்று நாமும் மகிழலாம்தான். ஆனால் பழத்தில் மருந்து ஒன்றுமில்லை. ரொட்டி நின்றதனால் பிள்ளைகள் பிழைத்தார்கள். குணமாயிற்றென்று மறுபடி ரொட்டியைக் கொடுத்தபோது நோயும் திரும்பியது.

உண்மையைக் கண்டவர் ஹாலந்து தேசத்தில் ஹேக் நகரத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. யுத்தத்துக்கு முன்பே அவருக்குக் கோதுமையின்மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்தில் கொடிய பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட அவித்துத் தின்றார்கள். ஊரெல்லாம் வாடிய அந்நாளில் இந்நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். யுத்தம் முடிந்து ரொட்டி வந்தது. அவர்கள் மறுபடி படுத்தார்கள். 1950-ல் டிக்கே தம் ஆராய்ச்சி நூலில் இதை நிலைநாட்டினார்.

"இது வெள்ளைக்காரர் வியாதி, நமக்கேன்?" என்று சிலர் கேட்கக்கூடும். 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் வட இந்தியா, அஸ்ஸாம், வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 23,331 பேரைச் சோதித்தார்கள். இந்நோயின் அடையாளம் இரத்தத்தில் காணப்பட்டவர்கள் வடக்கே நூற்றுக்கு 1.23, அஸ்ஸாமில் 0.87, வேலூரில் 0.10. தெற்கே இந்நோய் அரிது என்பது மெய்யே. ஆனால் இந்நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு வடக்கே நூற்றுக்கு 38.1 பேருக்கும், தெற்கே 36.4 பேருக்கும் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தட்டில்தான்: வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்டார், வேலூரில் 25 கிராம். நம் பாட்டன்மார் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் இட்லியைக் கண்டார்கள், கோதுமையைக் கண்டதே அபூர்வம். இப்போது நம் பிள்ளைகளுக்குக் காலையில் ரொட்டி, பள்ளிக்கூடத்தில் பிஸ்கட், மாலையில் நூடுல்ஸ், இரவில் பரோட்டா. இந்த மலையூரில் பேக்கரிகளுக்குக் குறைவா?

ஆகையால் நாட்பட்ட வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, மருந்துக்கு மசியாத இரத்தசோகை, வயதுக்குத் தக்க வளர்த்தியில்லாமை இவற்றைக் கண்டால் டாக்டரிடம் இந்நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முதலில் ஒரு இரத்தச் சோதனை. தேவையானால் உள்நோக்குக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளியளவு சதை எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு எச்சரிக்கை: சோதனைக்குமுன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அடையாளம் மறைந்து, சோதனை பொய்த்துவிடும். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களையும் பெற்றோரையும் சோதிப்பது அவசியம். இந்தப் பையனின் தங்கைக்கும் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. அவளுக்கு நோவு ஒன்றும் வெளியே தெரியவேயில்லை.

இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே மருந்து. விலக்கினால் பிள்ளைகளின் குடல் மெல்ல மெல்ல ஆறிப் பழையபடியாகும்.

இங்கேதான் நம் தாய்மார் பாக்கியவதிகள் என்பேன். அரியானாவில் மூன்று வேளையும் ரொட்டி சுடும் தாய்க்கு இந்நோய் வீட்டையே கவிழ்த்தது போலாகும். நமக்கோ சோறு, இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, பொங்கல் எல்லாம் இருக்கின்றன. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு ஆகியவற்றிலும் குளூட்டன் இல்லை. பட்டணத்துக் கடைகளில் நாலு மடங்கு விலைக்கு விற்கும் தனி மாவுகளை வாங்கக் கடன்பட வேண்டாம்.

ஆயினும் நம் சமையலறையிலேயே கண்ணி பல உண்டு. ரவை என்பது கோதுமையே. ரவா தோசையும் உப்புமாவும் கேசரியும் ஆகாது. சேமியாவும் பெரும்பாலும் கோதுமையே. கல்யாண வீட்டுப் பாயசம் தப்பாமல் அகப்படுத்தும். பிள்ளைக்குச் சூடு என்று காய்ச்சும் பார்லிக் கஞ்சியும் கூடாது. (நம் ஆண்டவர் ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த அப்பங்கள் வாற்கோதுமை அப்பங்கள் என்று அருளப்பர் எழுதுகிறார். இதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கூட்டத்திலே இப்படிப்பட்ட பிள்ளை ஒன்று இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்கிறேன்.) சோயா சாஸிலும் கோதுமை உண்டு.

எல்லாவற்றிலும் நான் வியந்தது பெருங்காயத்தைப் பற்றித்தான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பகுதி மாவு; பலவற்றில் அது கோதுமை அல்லது மைதா மாவு. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், இட்லிப்பொடி என்று அது போகாத இடமில்லை. அந்தத் தாய் ஆறு மாதம் ரொட்டியைக் கண்ணிலும் காட்டாமல் வளர்த்தும் பையன் தேறாமற்போனதன் காரணம் ரசத்திலே இருந்தது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அரிசி மாவு கலந்ததாய்க் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டு வீட்டில் இருக்கும்போது பெருங்காயம் இல்லாமல் ஒரு ரசம் வைக்க முடியாதா?

மாவு மில்லையும் கவனியுங்கள். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துப்போன கல்லிலே உங்கள் அரிசி விழுந்தால் அந்த மாவு பிள்ளைக்கு உதவாது. காலையில் முதல் ஆளாய்ப் போனாலும் முந்தின நாள் மாவு கல்லில் இருக்கும். வீட்டிலேயே அரைப்பது உத்தமம். சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை, மைதா போண்டா பொரித்த எண்ணெயில் வடை, இவையும் அப்படியே.

"சம்பா கோதுமை நாட்டுக் கோதுமை, அது ஒன்றும் செய்யாது" என்று சிலர் அந்தத் தாய்க்குச் சொல்லியிருக்கிறார்கள். நம் பழனி மலையிலும் நீலகிரியிலும் தொன்றுதொட்டு விளைந்த தானியம் அது. அதன்மேல் நமக்குப் பிரியம் இருக்கலாம். அதுவும் கோதுமையே, அதிலும் குளூட்டன் உண்டு.

பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை. "ஒரு வாய்தானே, பிள்ளை ஏங்கிப் போகிறான்" என்று தாய்க்குத் தெரியாமல் கொடுக்கிறீர்கள். அன்பினால் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிகிராம், தினமும் மூன்று மாதம் உட்சென்றால் குடல் கெடுகிறதென்று 2007-ல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டிற்று. உடனே வாந்தி வராவிட்டாலும் உள்ளே கேடு நடக்கும்.

தகப்பன்மாருக்கும் சொல்ல வேண்டியதுண்டு. இந்தக் காவலை முழுவதும் மனைவியின் தலையில் போட்டுவிட்டு, "நீதான் பிள்ளையைப் பயமுறுத்துகிறாய்" என்று சொல்லும் தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய் என்னிடம் அழுதது நோயை நினைத்தல்ல, விருந்துக்குப் போகும் இடமெல்லாம், தான் சமைத்த டப்பாவைத் திறக்கும்போது, "பெரிய இடத்துப் பிள்ளையோ?" என்று உறவினர் சிரித்ததை நினைத்துத்தான். பெற்றோர் எத்தனை நாள் கூடவே போகமுடியும்? "எனக்கு ஆகாது, வேண்டாம்" என்று பிள்ளையே வாய் திறந்து சொல்லப் பழக்குங்கள். குருவானவரிடமும் சொல்லலாம், அது மரியாதைக் குறைவல்ல என்று அந்தப் பையனிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். ஓஸ்தி கோதுமை மாவினாலேயே செய்யப்பட வேண்டுமென்பது திருச்சபைச் சட்டம் (924). அரிசி மாவினால் ஓஸ்தி செய்தால் அது நற்கருணையாகாது. இதில் குருவுக்கோ ஆயருக்கோ அதிகாரம் இல்லை. குளூட்டன் அறவே நீக்கிய ஓஸ்தியும் செல்லாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-ல் அறிவித்தது; 2017-ல் மறுபடி உரோமையிலிருந்து எல்லா ஆயர்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. ஆனால் ரொட்டியாக உருவெடுக்கப் போதுமான அளவு சிறிதே குளூட்டன் உள்ள ஓஸ்தி செல்லும். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் கிளைட் என்னும் இடத்து பெனதிக்தின் கன்னியர்கள் நூற்றுக்கு 0.01 பங்கு குளூட்டன் மட்டுமே உள்ள ஓஸ்தி செய்கிறார்கள்.

அதுவும் ஆகாதவர்கள், அல்லது அது கிடைக்காதவர்கள், இரச குணத்தில் மட்டும் நன்மை வாங்கலாம். சட்டம் 925 இதற்கு இடம் தருகிறது. எந்தக் குணத்தில் வாங்கினாலும் சேசுநாதர் முழுமையாய் எழுந்தருளி வருகிறார் என்பது நீங்கள் ஞானோபதேசத்தில் படித்ததே. ஆகவே அந்தப் பையனுக்குக் குறைந்த நன்மை, மற்றவர்களுக்கு நிறைந்த நன்மை என்பதில்லை. ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டும்: பூசையில் குரு ஓஸ்தியின் துகளொன்றைப் பாத்திரத்தில் இடுவது வழக்கம். ஆகையால் இவனுக்கென்று தனியாய் ஒரு சிறு பாத்திரம் வேண்டும். ஓஸ்தி தொட்ட கை அதில் படக்கூடாது. துடைக்கும் துணியும் வேறாயிருக்க வேண்டும்.

பாத்திரம் வாங்கியாயிற்று. ஆயரவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் வரிசையில் அவன் முதலாவதாய் வருவான். ஏன் அவனுக்கு மட்டும் பாத்திரம் என்று மற்றப் பிள்ளைகள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நோயை மறைக்க வேண்டியதில்லை.

அன்றையப் பொது விருந்தில் கேக்குக்குப் பதிலாக மலைவாழைப்பழமும் கேழ்வரகு அடையும் என்று மாதா சபையார் ஏற்றுக்கொண்டார்கள். கேழ்வரகை யார் வீட்டு ஆட்டுக்கல்லில் அரைப்பது என்பதை வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பேசுவோம். சாம்பாரில் பெருங்காயம் வேண்டாமென்று சமையற்காரரிடம் சொல்லியாயிற்று. பூண்டு யாராவது கொண்டுவாருங்கள்.