வீடு குளிர்ந்தால் விதையும் பிழைக்கும்

2018 நவம்பர் 16 விடியக்காலையில் கஜா புயல் எங்கள் ஓட்டுவீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டது. ஆலங்குடிப் பக்கம் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்த நேரம். ஓடு வாங்கி வேய ஆளும் இல்லை, கையில் காசும் இல்லை. அவசரத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டேன். மழைக்கு ஒதுங்க இடம் கிடைத்தது. வெயிலைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அடுத்த சித்திரையில் மத்தியானம் உள்ளே உட்கார முடியவில்லை. அம்மா வேப்பமரத்தடிக்குக் கட்டிலை மாற்றிக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய இழப்பு ஆடியில் தெரிந்தது. அம்மா இருபது வருசமாக விடாமல் போட்டு எடுத்த குடச்சுரை விதையைப் பரணில், ஷீட்டுக்கு நெருக்கமாக வைத்திருந்தோம். ஊன்றிய முப்பதில் மூன்றுதான் முளைத்தது. சாம்பல் புரட்டி வைத்ததால் பூச்சி தொடவில்லை. சூடுதான் கெடுத்தது.

விதை சேமிப்பில் ஒரு பொதுக்கணக்கு உண்டு. வைக்கும் இடத்தில் 5 டிகிரி வெப்பம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். விதையின் ஈரப்பதம் 1 சதம் குறைந்தாலும் அப்படியே. ஆக, வீட்டைக் குளிர வைப்பது நம் சுகத்துக்கு மட்டும் இல்லைங்க, விதைக்கும் சேர்த்துத்தான்.

சூடு எங்கிருந்து வருது?

நம் மாவட்டத்தில் சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் பாதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதனால் கூரைதான் முதல் எதிரி. சாயங்கால வெயில் அடிக்கும் மேற்குச்சுவர் அடுத்தது. கையில் இருக்கும் காசை இந்த வரிசையில் செலவு செய்யுங்கள்.

கூரைக்கு மேலே

வெள்ளைப்பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டது. நமக்குச் சுண்ணாம்பே போதும். கிளிஞ்சல் சுண்ணாம்பை மண்பானையிலோ இரும்பு டிரம்மிலோ நீற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, அரித்துவிடும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள், கண்ணை மூடிக் காப்பாற்றுங்கள். இரண்டு நாள் ஊறவிட்டு வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக்கஞ்சி சேர்த்து, தோசைமாவைவிடத் தண்ணியாகக் கரைத்துக்கொள்ளலாம்.

மச்சு வீடாக இருந்தால் முதலில் விரிசலை அடைத்து, தளத்தைக் கழுவி நனையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு பூச்சு அடியுங்கள். மழை கரைத்துவிடும் என்பதால் வருசா வருசம் மாசி கடைசியில் அடிப்பது நல்லது. மழைநீர் சேமிக்கிறவர்கள் முதல் இரண்டு மழைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடவேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் சுரண்டவோ, கம்பி பிரஷ் போடவோ, துளைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. மேலே ஏறி மிதிக்கவும் கூடாது. ஏணியில் நின்றபடி நீளக்கம்பில் கட்டிய பிரஷால் பூசினேன்.

கூரைக்கு அடியில்

ஷீட்டுக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினேன். இடையில் இருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும். இரண்டு பக்கமும் காற்று போக வழி இருக்கணும், இல்லாவிட்டால் அங்கேயே வெந்து கிடக்கும். அடுப்புக்கு மேலேயும் மின்கம்பிக்குப் பக்கத்திலும் கீற்று வேண்டாம். புயலுக்குப் பயந்து, சட்டங்களைச் சுவரோடு இரும்புப்பட்டையால் கட்டியும் வைத்தேன். காற்று கூரையை மேலே தூக்கிவிடும்.

சுவரும் சன்னலும்

மேற்குச்சுவரை ஒட்டாமல் இரண்டடி தள்ளிப் பந்தல் போட்டு, தையில் சுரையும் பீர்க்கும் ஊன்றினால் பங்குனி, சித்திரைக்கு நிழல் மூடிவிடும். காலை பத்து மணிக்குமேல் வெயில் பக்கச் சன்னலைச் சாத்துங்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். இரவுக்காற்று சுவரைக் குளிர வைக்கும். திருமயம் வட்டாரத்து நகரத்தார் வீடுகளில் முற்றத்தைச் சுற்றி நிழல் தாழ்வாரமும் தடிச்சுவரும் வைத்ததும் இதே கணக்குதான்.

மின்சாரம்

பழைய மின்விசிறி 75 வாட் அளவில் எடுக்கும். பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். தினம் 20 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கே 54 யூனிட் மிச்சம். ஆனால் முதலில் கூரை, பிறகுதான் விசிறி. சூடான கூரைக்குக் கீழே எந்த விசிறியும் அனலைத்தான் வீசும்.

விதைக்கு இடம்

பரணை விட்டு இறக்குங்கள். வடக்குப் பக்க அறையில், தரையோடு ஒட்டாமல் பலகை மேல் வையுங்கள். நெல்லைக் கடித்தால் டக்கென்று முறியும் அளவுக்குக் காய்ந்த பிறகே மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று நாளில் கலயத்தைத் திறக்காதீர்கள்.

முளைத்த அந்த மூன்று சுரைக்கொடியையும் கண்ணாகக் காத்து விதை எடுத்தோம். இப்போது மேற்குப் பந்தலில் ஏறி நிற்பது அதன் வாரிசுதான். அம்மாவின் கட்டிலும் வீட்டுக்குள் வந்துவிட்டது. பங்குனி பிறப்பதற்குள் உங்கள் கூரையை ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். பரணில் விதை இருந்தால் இன்றைக்கே இறக்கி, பத்து விதையை ஈரத்துணியில் கட்டி முளைப்பு பாருங்கள்.