பிறருக்காக ஜெபிப்பதும் கிருபையை நம்புவதும்



எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறவன் நான். அங்கே தினமும் காதில் விழுகிற ஒரு சொல் உண்டு. சாமான் வாங்கி, மீதிச் சில்லறையும் எண்ணி முடித்துப் புறப்படும்போது, மலையாளக் கிறிஸ்தவர்கள் சிலர் "பிரார்த்திக்கணே" என்பார்கள். மகளுக்குப் பிரசவ மாதம், மகனுக்குப் பரீட்சை, கணவருக்கு ஆபரேஷன் என்று காரணமும் சொல்வார்கள். "சரி சேச்சி, ஜெபிக்கிறேன்" என்று நானும் சொல்லிவிடுவேன். அதற்குள் அடுத்தவர் குக்கர் விலை கேட்பார். அத்தோடு மறந்துபோகும்.

ஒருநாள் ஓர் அம்மாள் கடைக்கு வந்து ஒரு பொட்டலம் அச்சப்பத்தை என் கையில் வைத்தார். "நீங்கள் எல்லாரும் ஜெபித்ததால்தான் என் பேரன் பிழைத்தான்" என்று கண் கலங்கினார். எனக்கு முகம் வெளிறிவிட்டது. அந்தப் பிள்ளைக்காக நான் ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை. அந்த அச்சப்பத்தை என்னால் தின்ன முடியவில்லை.

அதே வருடம் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் என் அக்காவுக்குப் புற்றுநோய் கண்டது. வேலையை விட்டு அடிக்கடி போக இயலாத நிலை. ஆகையால் இங்கிருந்தே இரவும் பகலும் ஜெபித்தேன். உபவாசமும் இருந்தேன். பதினோராவது மாதம் அக்கா கர்த்தருக்குள் நித்திரை அடைந்தாள். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "விசுவாசம் போதவில்லை, இன்னும் உருக்கமாக ஜெபித்திருக்கலாம்" என்று சொல்லிப் போனார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெபிக்காத பிள்ளை பிழைத்தது. ஜெபித்த அக்கா போய்விட்டாள். அப்படியானால் ஜெபம் எதற்கு? வெகுநாள் என்னைக் குடைந்த இந்தக் கேள்வி உங்களில் சிலருக்கும் இருக்கலாம். ஆகவே நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

நான்கு பேர் செய்த வேலை

மாற்கு சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு திமிர்வாதக்காரனைப் பற்றி வாசிக்கிறோம். அவன் வாய் திறந்து எதுவும் கேட்டதாக அங்கே எழுதப்படவில்லை. நான்கு பேர் அவனைச் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் வாசலில் நுழைய முடியவில்லை. கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டார் என்று அந்தப் பகுதி சொல்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த நால்வரும் அவனைக் குணமாக்கவில்லை. சுமந்தார்கள், இறக்கினார்கள், அவ்வளவுதான். மற்றது ஆண்டவருடைய வேலை. பிறருக்காக ஜெபிப்பதும் இப்படித்தான். சுமப்பது நம் பங்கு, சுகம் அவர் பங்கு.

நானோ கடைக்காரன் புத்தியில் கணக்குப் பார்த்தேன். இத்தனை நாள் உபவாசம் வரவு, அதற்கு ஈடாக அக்காவின் உயிர் பற்று என்று பேரேடு எழுதினேன். கிருபை அப்படிப்பட்ட கணக்கில் வராது. நாம் கொடுத்ததற்கு ஈடாக வந்தால் அது கூலி. தகுதி பாராமல் வருவதுதான் கிருபை. நான் ஜெபிக்க மறந்த பிள்ளைக்கும் அது கிடைத்தது. என் மறதி தேவனுடைய கையைக் கட்டிப்போடவில்லை.

டோனாவூர் சொல்லும் பாடம்

அக்காவைப் பற்றிய கேள்விக்கு எங்கள் ஜில்லாவிலேயே ஒரு பதில் இருந்தது. அயர்லாந்தில் 1867-ல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியா வந்தார். அதன்பின் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. 1901 முதல் டோனாவூரில், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் ஆபத்தில் இருந்த சிறுமிகளை எடுத்து வளர்த்தார். பிள்ளைகள் அவரை "அம்மா" என்றே அழைத்தார்கள். பணம் வேண்டுமென்று மனிதரிடம் கேட்பதில்லை, தேவையை ஆண்டவரிடமே சொல்வது என்பது அங்கே விதி.

1931 அக்டோபர் 24 அன்று, ஒரு வீட்டைப் பார்வையிடக் களக்காடு சென்ற இடத்தில், புதிதாக வெட்டியிருந்த குழி ஒன்றில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அவருக்கு அப்போது வயது 63. அவர் எழுந்து நடக்க வேண்டும் என்று டோனாவூரே ஜெபித்தது. ஆனால் அவர் பழையபடி எழும்பவில்லை. 1951 ஜனவரி 18-ல் இறக்கும் வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே நோயாளியாகக் கழித்தார்.

டோனாவூர்ப் பிள்ளைகளுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்கள்? அந்த அறையிலிருந்து அம்மையார் பல நூல்கள் எழுதினார், கடிதங்கள் எழுதினார், பிறருக்காக மன்றாடினார். தம் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அங்கே பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் இருக்கிறது.

பவுல் அப்போஸ்தலனும் தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டதாக 2 கொரிந்தியர் பன்னிரண்டாம் அதிகாரத்தில் எழுதுகிறார். முள் போகவில்லை. தாங்கக் கிருபை வந்தது.

இதை அறிந்த பிறகு அக்காவின் கடைசி நாட்களை மறுபடி நினைத்துப் பார்த்தேன். வலிக்கு நடுவிலும் அவள் அத்தானிடம் கோபப்படவில்லை. போனில் பேசினால், "சாப்பிட்டியாடா?" என்றுதான் முதலில் கேட்பாள். அந்தப் பொறுமையை அவளுக்கு யார் கொடுத்தது? என் ஜெபம் கேட்கப்படாமல் போகவில்லை என்று இப்போது நம்புகிறேன். துக்கம் இன்னும் இருக்கிறது, குற்ற உணர்வு இல்லை. இதை அத்தானுக்கும் எழுதினேன்.

அன்றாடம் செய்யக்கூடியவை

முதலாவது, "ஜெபிக்கிறேன்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே ஜெபித்துவிடுங்கள். கண்ணை மூட வேண்டியதில்லை. கல்லாவின் முன் நின்றபடியே இரண்டு வரி போதும்.

இரண்டாவது, பெயர்களை எழுதி வையுங்கள். மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நான் காலையில் போர்ட் கொச்சி படகுத்துறையில் ஏறி எர்ணாகுளம் ஜெட்டியில் இறங்குகிறேன். படகு காயலைக் கடக்கும் நேரத்தில் என் சிறு நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிக்கிறேன்.

மூன்றாவது, பிறர் கஷ்டத்தை ஊர்ப்பேச்சாக்காதீர்கள். "ஜெபத்துக்காகத்தான் சொல்கிறேன்" என்று தொடங்கி ஒரு குடும்பத்தின் மானத்தைத் தெருவில் வைப்பது நம்மிடையே நடக்கிற காரியம்தான். ஆண்டவரிடம் சொன்னதை அடுத்த வீட்டில் சொல்ல வேண்டாம்.

நான்காவது, கையால் செய்யக்கூடியதை ஜெபத்தைச் சாட்டித் தட்டிக்கழிக்காதீர்கள். சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து இங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள் பாஷை தெரியாமல் தவிக்கிறார்கள். அவர்களோடு ஒரு மணி நேரம் நின்று மருந்துச் சீட்டை விளக்குவதும், ஒரு பாத்திரம் கஞ்சி கொண்டுபோவதும் படுக்கையின் ஒரு முனையைச் சுமப்பதுதான்.

ஐந்தாவது, மனத்தாங்கல் உள்ளவருக்காகவும் ஜெபியுங்கள். தன்மேல் குற்றம் சாட்டிய சிநேகிதருக்காக யோபு வேண்டுதல் செய்தபோதுதான் அவனுடைய சிறையிருப்பு மாறியது. அக்காவின் துக்க வீட்டில் அப்படிப் பேசியவரின் பெயரும் இப்போது என் நோட்டில் இருக்கிறது. அதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

கடைசியாக, பிள்ளைகளைக் குடும்ப ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பேசுகிற பிள்ளைகள், இரவில் தமிழில் "தாத்தா, ஆச்சி, சித்தப்பா" என்று பெயர் சொல்லி ஜெபிக்கட்டும். பார்க்காத உறவும் அவர்கள் மனதில் நிலைக்கும்.

வேறு மதத்துச் சகோதரர்களும் இவ்விதழை வாசிக்கிறீர்கள். உங்கள் வழிபாட்டிலும் பிறருக்காக வேண்டும் வழக்கம் உண்டல்லவா? அச்சப்பம் கொண்டுவந்த அம்மாள் இப்போதும் கடைக்கு வருகிறார். அன்று நான் ஜெபிக்கவில்லை என்ற உண்மையை ஒருநாள் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "பரவாயில்லை மோனே, இனிமேல் ஜெபித்தால் போதும்" என்றார். அந்தப் பேரனின் பெயர்தான் என் நோட்டில் முதல் பெயர்.