தொலைவில் வைத்த இடாப்பு

ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேசுவரர் தீர்த்தக் கரையிற் கால்வைக்க இடமிராது. சின்னாளிற் கரை வெறிச்சோடும். எமது பழைய மாணவர் இடாப்பும் அத்தன்மைத்தே. விழாக்காலத்திற் பலர் புரட்டுவர். ஏனைய மாதங்களில் அது உறங்கும். அதனைப் பிறர் நடத்தும் கணினித் தரவுத்தளமொன்றில் வைப்பதாயின், எவ்வகைக் கூலி நமக்குப் பொருந்தும்?

கூலி இருவகைப்படும். ஒன்று மணிக்கணக்கு. தோணியை நாள்முழுதுக்கும் பேசி அமர்த்துதல் போன்றது. தோணி கரையிற் கிடந்தாலும் பணம் ஏறும். அமேசன் நிறுவனம் 2009இல் தொடங்கிய ஆர்.டி.எஸ். சேவை பெரும்பாலும் இம்முறையது. மற்றையது, வாவியைக் கடக்குந்தோறும் கொடுக்குங் கூலி. அந்நிறுவனம் 2012இல் வெளியிட்ட டைனமோடிபி என்னும் தரவுத்தளத்திற்கு இம்முறை 2018இல் வந்தது. 2024 நவம்பரில் விலை பாதியாகி, வேர்ஜினியா நிலையத்திற் பத்து இலட்சம் வாசிப்பு அலகுக்கு 12.5 அமெரிக்கச் சதமும், அத்தனை எழுத்து அலகுக்கு 62.5 சதமும் என்றாயிற்று. சேமித்து வைப்பதற்குக் கணக்கு வேறு.

நான்கு கிலோபைற்று வரை வாசித்தல் ஓர் அலகு. இடாப்பில் 5,000 பேர், ஆளுக்கு ஒரு கிலோபைற்று என்று கொள்வோம். சேர்விலக்கத்தைச் சொல்லி ஒருவரைக் கேட்டால் ஓர் அலகே செலவாகும். பெயரை மட்டுஞ் சொல்லி, அகரவரிசைச் சுட்டியின்றி இடாப்பு முழுவதையும் புரட்டச் செய்தாலோ 1,250 அலகு! கிடைப்பது அதே ஒருவர். நிரல் எழுதும் மாணவர் இதனை மறத்தலாகாது. நிழற்படங்களையும் இதனுள் அடைக்கவேண்டா. ஒரு பதிவு 400 கிலோபைற்றை விஞ்சுதல் இயலாது.

இவ்வளவு சிறிய இடாப்புக்குச் செலவு சில சதங்களே. ஆயினும் கட்டணம் டொலரில் வருவது. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை நாம் அறிவோம். மணிக்கணக்குச் சேவையை அமர்த்தியவர்க்கு அது சிறு சுமையன்று.

பணத்தினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கணக்கு யார் பெயரில், யாருடைய கடனட்டையில் இருக்கிறது? அவ்வன்பர் கடல்கடந்து போய், அட்டையுங் காலாவதியாயின், கட்டணம் நிலுவையாகும், சேவை நிற்கும், பின்னர் இடாப்பே அழிக்கப்படலாம். அதற்கஞ்சி அலுமாரியோடு அமைதலும் தகாது. 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையுங் கண்ட கரை இது.

ஆகவே கணக்கைச் சங்கத்தின் பெயரில் திறந்து, திறவுச்சொல்லை இருவர் அறிந்திருத்தல் வேண்டும். தவணைதோறும் படியொன்றை இறக்கி அதிபர் அலுவலகத்திலும், மற்றொன்றைக் கொழும்பிலுள்ள அன்பரொருவரிடமும் வைக்கலாம். மாதக் கட்டணச்சீட்டுப் பொருளாளர் கைக்கு வருதல் நன்று. அதனை விளங்கிக்கொள்ளும் இளைஞரொருவர் அவர் அருகிருத்தல் அதனினும் நன்று.