பிற தேசங்களோடு விவசாயக் கூட்டுறவு: இந்திய சர்க்கார் கைக்கொண்ட முறைகள்
(கூட்டுறவு சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

குடியானவர் ஒருவர் தமக்கு வேண்டிய விதை, எரு, கடன் ஆகியவற்றைத் தனியே நின்று தேடிக்கொள்ள முற்பட்டால் நேரும் கஷ்டங்களை நம் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவற்றை நீக்கிக்கொள்ளும் பொருட்டே பலரும் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தோம். தேசங்களின் நிலையும் இதற்கு வேறானதன்று. எவ்வளவு பெரிய தேசமாயினும், விவசாயத்துக்கு வேண்டிய அறிவையும் விதையையும் தன் எல்லைக்குள்ளேயே முழுவதும் பெற்றுவிட இயலாது. ஆகவே நமது தேசத்து சர்க்கார் பிற தேசங்களோடு எவ்வாறு கூடி உழைத்தது, அதனால் நம் வயலுக்கு வந்த பயன் யாது, நாம் காக்க வேண்டியது யாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. பிறரை நம்பியிருந்த காலம்

முற்காலத்தில் சென்னை ராஜதானியிலும் வங்காளத்திலும் பர்மா அரிசி ஏராளமாக இறக்குமதியாயிற்று. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அந்த அரிசி வருவது நின்றது. மறு ஆண்டில் வங்காளத்தில் நேர்ந்த கொடிய பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் மாண்டனர். யுத்தமும், விலையேற்றமும், நிர்வாகக் குறைகளும் அப்பஞ்சத்துக்குக் காரணங்களாயிருந்தன. எனினும், கடல் கடந்து வரும் ஒரே வழியை நம்பியிருப்பவன் அவ்வழி அடைபட்டால் என்ன ஆவான் என்னும் பாடத்தை அது நன்கு புகட்டிற்று.

அதே 1943ஆம் ஆண்டில், உலக மக்களின் உணவைப் பற்றி ஆலோசிக்க 44 தேசங்களின் பிரதிநிதிகள் அமெரிக்காவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் கூடினர். அதன் பயனாக 1945 அக்டோபர் 16ஆம் தேதியன்று கனடா தேசத்துக் கியூபெக் நகரில் உலக உணவு விவசாய ஸ்தாபனம் தோன்றிற்று. இந்தியா அதன் ஆரம்ப அங்கத்தினர்களுள் ஒன்றாகும். வங்காளப் பஞ்சத்தை நேரில் கண்ட அதிகாரியான பினய் ரஞ்சன் சென் என்பவர் 1956 முதல் 1967 வரை அந்த ஸ்தாபனத்தின் தலைமைப் பதவியை வகித்தார்.

2. தானியம் வாங்குதலும் விதை வாங்குதலும்

சுயராஜ்யம் பெற்ற பின்னரும் தானியப் பற்றாக்குறை தீரவில்லை. 1956ஆம் ஆண்டில் பி.எல். 480 என்னும் அமெரிக்கச் சட்டத்தின்படி நமது சர்க்கார் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, ரூபாயாகவே கிரயம் செலுத்திக் கோதுமை பெற்றது. இது அவசரத்துக்கு உதவிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்த காலத்தில், அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமையை மொத்தமாக அனுப்பாமல், நமது கொள்கைகளைக் கவனித்துச் சிறிது சிறிதாகவே அனுப்பச் செய்தார். கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் தவணைதோறும் நின்ற அனுபவமுள்ளவர்களுக்கு இந்நிலை எத்தகையது என்பது எளிதில் விளங்கும்.

அக்காலத்தில் உணவு மந்திரியாயிருந்தவர் நம் நாட்டவராகிய ஸ்ரீ சி. சுப்பிரமணியம் அவர்கள். உண்ணும் தானியத்தை மட்டும் ஆண்டுதோறும் வாங்குவதை விட, விளைவிக்கும் விதையை ஒருமுறை வாங்குவதே மேல் என்று அவர் துணிந்தார். 1966ஆம் ஆண்டில் மெக்ஸிகோ தேசத்திலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. அவ்விதையை உண்டாக்கியவர் நார்மன் போர்லாக் என்னும் அமெரிக்க நிபுணர். அதன் குட்டைத் தன்மையோ ஜப்பானியக் கோதுமை ஒன்றிலிருந்து வந்தது. ஜப்பானில் பிறந்த குணம் மெக்ஸிகோவில் வளர்ந்து பஞ்சாபில் பலன் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் நமது கோதுமை விளைச்சல் பெருகிற்று.

தானியம் வாங்கினால் அது உண்டவுடன் தீர்ந்துவிடும். விதையும் அறிவும் வாங்கினால் அவை நம்முடையவாகிப் பெருகும். சங்கத்துக் கடனைச் சாப்பாட்டுக்குச் செலவிடுவதற்கும் கிணறு வெட்டச் செலவிடுவதற்கும் உள்ள வேறுபாடே இது.

3. கொடுத்துப் பெற்ற கதை

பிற தேசங்களிடம் நாம் பெற்றுக்கொண்டவர்கள் மட்டும் அல்லர், கொடுத்தவர்களும் ஆவோம். இதற்கு நம் நாட்டு நெல்லே தக்க சான்று.

கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சிப் பண்ணையில், கோணமணி என்னும் பழைய நெல்லினின்று பொறுக்கி எடுக்கப்பட்டு 1921ஆம் ஆண்டில் வெளியானது ஜி.ஈ.பி. 24 என்னும் சன்ன ரகம். கிச்சிலிச் சம்பா என்று பெரியவர்கள் வழங்கும் நெல் அதுவே. பிற்காலத்தில் அதனையும் மற்றொரு கோயமுத்தூர் ரகத்தையும் ஒட்டி, சென்னைக்கு அருகிலுள்ள திரூர் பண்ணையில் டி.கே.எம். 6 என்னும் ரகத்தை உண்டாக்கினர். இந்த ரகம் குருத்துப் பூச்சியை ஓரளவு தாங்கி நிற்கும் தன்மை உடையது.

1960ஆம் ஆண்டில் பிலிப்பைன் தீவுகளிலுள்ள லாஸ் பான்யோஸ் என்னும் ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கே 1966ஆம் ஆண்டில் வெளியான ஐ.ஆர். 8 மிகுந்த மகசூல் தந்தது. ஆனால் பூச்சிக்கும் நோய்க்கும் எளிதில் இலக்காயிற்று. அக்குறையைத் தீர்க்க நிபுணர்கள் நாடிய ரகங்களுள் நமது டி.கே.எம். 6 ஒன்றாகும். அதனோடு அங்குள்ள குட்டை ரகத்தைக் கலந்து ஐ.ஆர். 20 என்னும் நெல்லை உண்டாக்கி 1969ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது தமிழ்நாட்டுக்கு வந்து சம்பாப் பருவத்தில் பெருவாரியாகப் பயிராயிற்று. பிறந்த வீட்டுப் பெண் புகுந்த வீட்டிலிருந்து பிள்ளையுடன் திரும்பி வந்தாற்போல், நம் விதை வெளிநாடு சென்று புதிய குணங்களோடு நம்மிடமே மீண்டது.

இதற்கு முன்னரே, நம் நாட்டு நெல்லையும் ஜப்பானிய நெல்லையும் கலக்கும் பெரிய முயற்சி ஒன்று உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் ஆதரவில் கட்டாக் நகரில் நடைபெற்றது. அதனைத் தூண்டியவர், கோயமுத்தூரில் பணிபுரிந்து, பின் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டரான ஸ்ரீ கே. ராமையா ஆவார். தஞ்சைக் குறுவையில் புகழ் பெற்ற ஆடுதுறை 27 அம்முயற்சியின் விளைவே, அதற்கும் ஜி.ஈ.பி. 24 ஒரு தாய் தகப்பன். பின்னர் 1972ஆம் ஆண்டில், சோளம், கம்பு, துவரை, கடலை முதலிய புன்செய்ப் பயிர்களுக்கான சர்வதேச நிலையம் ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள படான்செருவில் அமைய நமது சர்க்கார் இடமளித்தது.

4. உரிமையைக் காத்தல்

கொடுப்பதும் பெறுவதும் முறையாக நடக்க வேண்டுமானால் கணக்கு வேண்டும். 1995ஆம் ஆண்டில் புண்ணுக்கு மஞ்சள் பூசும் முறைக்கு அமெரிக்காவில் தனியுரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் யாவரும் அறிந்த முறை இது. எனினும் ‘யாவரும் அறிவர்’ என்று சொன்னால் போதவில்லை. பழைய நூல்களையும் அச்சிட்ட சஞ்சிகைகளையும் சான்றாகக் காட்டி வாதாடிய பின்னரே, 1997ஆம் ஆண்டில் அவ்வுரிமை ரத்தாயிற்று. எழுத்தில் இருந்ததே நம்மைக் காத்தது.

2001ஆம் ஆண்டில் ரோமாபுரியில் பயிர் விதைகளைப் பற்றிய சர்வதேச உடன்படிக்கை நிறைவேறி, 2004 முதல் அமுலுக்கு வந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்துள்ளது. நெல், கோதுமை முதலான பயிர்களின் விதைகளை ஆராய்ச்சிக்காகத் தேசங்கள் பகிர்ந்துகொள்ளவும், அதனால் விளையும் லாபத்தில் பங்கு பெறவும் அது வழி செய்கிறது. அதே 2001ஆம் ஆண்டில் நமது பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தின்படி, குடியானவர் தம் விளைச்சலினின்று விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், கம்பெனி முத்திரையிட்டு விற்பதைத் தவிர மற்றபடி விற்கவும் உரிமையுண்டு. குடியானவர் தலைமுறையாகக் காத்துவந்த ரகங்களைப் பதிவு செய்யவும் அச்சட்டம் இடந்தருகிறது.

5. இன்று நம் பொறுப்பு

ஒருகாலத்தில் பிறர் கப்பலை எதிர்பார்த்திருந்த நாம், இன்று உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்யும் தேசமாயிருக்கிறோம். 2023 ஜூலையில் நமது சர்க்கார் பாஸ்மதியல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடுத்தபோது, ஆப்பிரிக்க ஆசிய தேசங்கள் பலவற்றில் ஏழை மக்கள் கவலையுற்றனர். 2024 செப்டம்பரில் அத்தடை நீங்கிற்று. நம் ஜனங்களுக்கு உணவு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது நியாயமே. ஆயினும் 1942ஐ நினைவில் வைத்திருப்போர், வாங்குவோரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். அதே 2023ஆம் ஆண்டு, இந்தியாவின் பிரேரணையின்பேரில் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதும் குறிப்பிடத்தக்கது.

இவையெல்லாம் டில்லியிலும் ரோமிலும் நடப்பவை. நமக்கென்ன என்று அங்கத்தினர்கள் கருதலாகாது. கோணமணி நெல்லைக் காத்துத் தந்தவர்கள் பெயர் அறியாத குடியானவர்களே. அவர்கள் அதனைக் கைவிட்டிருந்தால் கிச்சிலிச் சம்பாவும் இல்லை, டி.கே.எம். 6ம் இல்லை, ஐ.ஆர். 20ம் இல்லை. வீட்டுக் குதிரில் இரண்டு மூன்று ஆண்டு விதைக்காமல் கிடந்த நெல் முளைக்குந்திறனை இழந்துவிடும். அவ்வாறு அழிந்த ரகத்தை எந்த சர்க்காரும் எந்தப் பணத்தாலும் மீட்டுத் தர முடியாது. புது ரகங்களைப் பயிரிட வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. பழையதன் விதையும் ஊரில் இருக்கட்டும் என்பதே கருத்து.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஒரு விதைப் பதிவுப் புத்தகம் வைத்தல் நலம். ரகத்தின் பெயர், பருவம், வயது, ஏற்ற மண், தாங்கும் பூச்சியும் வறட்சியும், இப்போது யார் நிலத்தில் உள்ளது என்பவற்றை அதில் எழுதி, பஞ்சாயத்தார் கையொப்பமிட வேண்டும். ஆண்டுதோறும் ஒவ்வொரு ரகத்தையும் ஓர் அங்கத்தினர் ஒரு சிறு பாத்தியிலேனும் விதைத்து விதை எடுக்கும்படி முறை வைத்துக்கொள்ளலாம். இதற்குச் செலவு அதிகமில்லை, சிரத்தையே வேண்டுவது.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. தானியம் வாங்குவதற்கும் விதை வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஐ.ஆர். 20க்கு நம் நாடு அளித்தது என்ன? பெற்றது என்ன?
3. மஞ்சள் வழக்கிலிருந்து நம் சங்கம் அறிய வேண்டியது யாது?
4. முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் விளைந்த நெல் ரகங்கள் எவை? அவற்றுள் இன்று யாரிடமேனும் விதை இருப்பவை எவை?

நான்காம் வினாவுக்கு விடை கூறக்கூடிய முதியவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் சொல்வதை அன்றே புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும்.